வாப்பாவின் விம்பிள்டன்

பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுப்பதற்கென்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை வைத்திருப்பார்கள். பல வீடுகளில் அது ஆமையும் முயலும். எங்கள் வீட்டில் கோரான் இவானிசெவிச். இந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்லவே எனக்கு எட்டு வயதாக வேண்டியிருந்தது. என்னுடைய புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல்நாள், காக்காவின் சாதாரண தரத்துக்கு முன்பு, ராத்தா உயர்தரம் எழுதிய ஒவ்வொரு முறையும், இராச் சாப்பாடு முடிந்து வாப்பா தொண்டையைச் செருமினால் எங்களுக்கு விளங்கிவிடும்: 2001ஆம் ஆண்டு விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் தொடங்கப் போகிறது.

வாப்பா வாழ்நாளில் டெனிஸ் ரக்கெட்டைத் தொட்டவர் அல்லர். எங்கள் ஊரில் டெனிஸ் திடலும் இல்லை. அவர் பதினொரு வருடம் கட்டாரில், டோஹாவில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்தவர். அந்நகரத்தில் 1993 முதல் ஆண்களுக்கான சர்வதேச டெனிஸ் தொடர் ஒன்று நடந்து வருகிறது. வாப்பா இருந்த காலத்தில் வருடப் பிறப்போடு ஆட்டக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அந்த வாரம் முழுக்க வெள்ளை உடுப்பு மூட்டை மூட்டையாக வந்து குவியுமாம். "ஆள் முகம் தெரியாது மகள். உடுப்புல கட்டி இரிக்கிற ரூம் நம்பர வெச்சித்தான் இன்னார் எண்டு தெரியும்" என்பார். இப்படித்தான் அவருக்கு டெனிஸ் அறிமுகமானது. வியர்வைக் கறையைப் பார்த்தே யார் நீண்ட நேரம் ஆடினார் என்று சொல்லிவிடுவேன் என்றும் சொல்வார். இதை உம்மா நம்புவதில்லை.

2001 ஜூலை 9ஆம் திகதி திங்கட்கிழமை, வேலை முடிந்து, ஊழியர்களின் அறையில் மலையாளிகளோடும் நேபாளிகளோடும் பிலிப்பினோக்களோடும் இருந்து அவர் பார்த்த இறுதிப் போட்டிதான் கதை. வாப்பாவின் வாயில் அது நான்கு நிமிடத்துக்கு மேல் போகாது.

"மூணு தரம் ஃபைனல் வரைக்கும் போய்த் தோத்த மனிசன். தோள்மூட்டு பழுது. உலகத்துல நூத்தி இருவத்தஞ்சாவது ஆள். இவன்ட கத முடிஞ்சி எண்டு எல்லாரும் செல்லிட்டாங்க. நாலாந்தரம் வந்தான், வெண்டான். விளங்கினா, மகள்? படிங்க."

அவ்வளவுதான். நாங்களும் படித்தோம்.

டெனிஸ் பற்றி ஒன்றும் தெரியாத தோழிகளுக்காக இடையில் ஒரு சின்னக் கணக்கு. நான் கலைப் பிரிவு. இதற்கு மேல் என்னிடம் கணக்குக் கேட்கக் கூடாது. விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையரில் 128 பேர் ஆடுவார்கள். தோற்றவர் அன்றே வெளியே. 128 பேர் 64 ஆகி, 64 பேர் 32 ஆகி, இப்படியே ஏழு சுற்று. மொத்தம் எத்தனை ஆட்டம் என்று கூட்டிக் கழிக்கத் தேவையில்லை. ஓர் ஆட்டம் ஒருவரை வெளியே அனுப்புகிறது, கடைசியில் ஒருவர் மிஞ்ச வேண்டும், ஆகவே 127 ஆட்டம். இரண்டு வாரத்துக்குள் உலகத்தின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர்களில் 127 பேர் தோற்று வீட்டுக்குப் போகிறார்கள். தொலைக்காட்சியில் கிண்ணத்தைத் தூக்குபவரையே பார்த்துப் பழகியதால் இந்த எண்ணிக்கை நமக்கு உறைப்பதில்லை.

அந்த 128 பேருக்குள் நுழைவதற்கு மூன்று வாசல்கள். உலகத் தரவரிசைப்படி 104 பேர் நேரே உள்ளே வருவார்கள். தரவரிசையில் பின்னால் நிற்பவர்கள் முந்தைய வாரம் தகுதிகாண் ஆட்டங்களில் ஆடி, அதில் தப்பிப் பிழைக்கும் 16 பேர் உள்ளே வருவார்கள். மீதமிருக்கும் 8 இடங்கள் வைல்ட் கார்ட். அவற்றை ஏற்பாட்டாளர்கள் தாங்களாகப் பார்த்துக் கொடுப்பார்கள். அநேகமாக உள்நாட்டு இளம் ஆட்டக்காரர்களுக்குப் போகும். சில வேளை, காயத்தால் பின்தங்கிப்போன பழைய பெரிய ஆட்டக்காரர் ஒருவருக்கும் கிடைக்கும். இந்த மூன்றாவது வாசலை வாப்பா தன் கதையில் ஒருநாளும் சொன்னதில்லை. மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். அது முக்கியமான விடயமென்று அவருக்குப் படவில்லை.

ராத்தா உயிரியல் பிரிவு. முதல் ஷையில் பெறுபேறு வந்தபோது வீட்டில் யாரும் அதிர்ச்சியடையவில்லை. அதிகமான பிள்ளைகள் இரண்டாம் தடவைதான் எடுக்கிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டாம் ஷையில் எங்கள் மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளிக்கும் அவளுடைய இசட் புள்ளிக்கும் இடையில் இருந்தது தசமத்துக்குப் பின்னால் வரும் ஒரு வித்தியாசம். அந்த முறை வாப்பா கோரானின் கதையை இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் ஷைக்கு ராத்தா படித்ததை நான் ஒரே அறையில் இருந்து பார்த்தவள். சுபஹுக்கு முன்பே அவளுடைய மேசை விளக்கு எரியும். அவளுடைய தோழிகள் சிலர் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். லீவில் வந்தால் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள், அவளுக்குச் சங்கடமாக இருக்குமென்று. அந்த நல்லெண்ணம்தான் அவளை அதிகம் சுட்டது.

மூன்றாவது பெறுபேறும் வந்தது. முந்தையதை விடக் கூட. ஆனால் அந்த வருடம் வெட்டுப்புள்ளியும் ஏறியிருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான், நான்காவது கிடையாது. அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வாப்பாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது மனிதர் தமக்குத் தெரிந்ததைத்தானே சொல்வார்? தொண்டையைச் செருமினார். "அந்தக் கோரான் இரிக்கானே மகள்…"

ராத்தா கோபப்படவில்லை. கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மத்தவருக்கு என்ன நடந்த வாப்பா?"

"எந்த மத்தவர்?"

"ஃபைனல்ல தோத்தவர்."

வாப்பாவுக்குப் பெயர் ஞாபகம் வரவில்லை. அவுஸ்திரேலியாக்காரன் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் தேடத் தொடங்கினேன். ஒரு வார விடுமுறையில், கைத்தொலைபேசியின் சின்னத் திரையில், டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்து, கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். இறுதிப் போட்டியைத் துண்டு துண்டாகப் பார்த்து முடித்தேன். நான் பிறப்பதற்கு முன்பு நடந்த ஆட்டம். யார் வெல்வார் என்பது எனக்கு நடை பழகுமுன்பே தெரியும். ஆனாலும் ஐந்தாவது செட்டில் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

வாப்பாவின் கதையில் இருப்பதெல்லாம் உண்மை. கோரான் குரோஷியாவின் ஸ்பிளிட் என்ற கடற்கரை நகரத்தவர். இடக்கைக்காரர். அவருடைய சேர்வ் எதிராளியின் ரக்கெட்டில் படாமலே பின்சுவருக்குப் போய்விடும். அதற்கு ஏஸ் என்று பெயர். 1992 விம்பிள்டன் இறுதியில் அன்ட்ரே அகாசியிடம் ஐந்து செட்டில் தோற்றார். 1994இல் பீட் சம்ப்ராஸிடம். 1998இல் மறுபடியும் சம்ப்ராஸிடம், அதுவும் ஐந்து செட். ஒரு காலத்தில் உலகின் இரண்டாம் இடத்தில் இருந்தவர், இடது தோளில் ஏற்பட்ட பாதிப்பால் சரிந்துகொண்டே போனார். 2000 நவம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த ஒரு போட்டியில் ஆத்திரத்தில் தன்னிடமிருந்த ரக்கெட்டுகளையெல்லாம் அடித்து உடைத்துவிட்டு, ஆடுவதற்கு ரக்கெட் இல்லாமல் போட்டியை விட்டு வெளியேறினார். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பாவமாகவும் இருந்தது. 2001 ஜனவரியில் அவுஸ்திரேலிய ஓப்பனின் தகுதிகாண் ஆட்டத்திலேயே தோற்றார். அந்த ஜூனில் அவருக்கு வயது 29, தரவரிசையில் 125.

125ஆம் இடத்தவருக்கு நேர் வாசல் திறக்காது. முன்னர் மூன்று தடவை இறுதிவரை வந்தவர் என்பதற்காக விம்பிள்டன் அவருக்கு ஒரு வைல்ட் கார்ட் கொடுத்தது.

உள்ளே வந்த பிறகு அவர் வென்றவர்களின் பட்டியலைப் பாருங்கள். முதல் சுற்றில் சுவீடனின் ஜோன்சன். பிறகு கார்லோஸ் மோயா, பிரெஞ்ச் ஓப்பன் வென்றவர். மூன்றாம் சுற்றில் பதினெட்டு வயது அன்டி ரொடிக். நான்காவதில் கிரெக் ருசெட்ஸ்கி. காலிறுதியில் மரட் சஃபின், முந்தைய வருடம்தான் அமெரிக்க ஓப்பன் வென்றிருந்தார். இறுதியில் எதிரே வந்தவரையும் சேர்த்தால், இவர்களில் நான்கு பேர் ஏதாவதொரு காலத்தில் உலகின் முதலிடத்தில் இருந்தவர்கள். அந்த இரண்டு வாரமும் ஒவ்வொரு காலையும் குழந்தைகளுக்கான 'டெலிடபீஸ்' நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுத்தான் ஆடப் போனாராம், முதல் நாள் பார்த்து வென்றதால் விட்டுவிடப் பயம். ஒவ்வொரு பரீட்சைக்கும் அதே பழைய பேனையைத் தேடும் எங்கள் வகுப்புத் தோழிகள் சிலர் நினைவுக்கு வந்தார்கள்.

அதே வாரத்தில் இன்னொரு பக்கத்தில் இன்னொன்று நடந்திருந்தது. ஏழு முறை விம்பிள்டன் வென்று, அதில் கடைசி நான்கையும் தொடர்ச்சியாக வென்றிருந்த சம்ப்ராஸை, நான்காம் சுற்றில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஐந்து செட்டில் வெளியேற்றினான். பெயர் ரொஜர் பெடரர். கோரானை இரண்டு தடவை மறித்து நின்ற மனிதரை வேறொருவர் அப்புறப்படுத்திவிட்டார். இதுவும் வாப்பாவின் கதையில் இல்லை.

அரையிறுதிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோரானுக்கு எதிரே இங்கிலாந்தின் டிம் ஹென்மன். 1936இல் பிரெட் பெரி வென்ற பிறகு பிரித்தானியர் ஒருவரும் இந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. முழு நாடும் ஹென்மனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்கியது. முதல் செட் கோரானுக்கு, இரண்டாவது ஹென்மனுக்கு. மூன்றாவது செட்டை ஹென்மன் 6-0 என்று ஏறக்குறையக் கால் மணித்தியாலத்தில் முடித்துவிட்டார். கோரானின் கையில் ஒன்றும் இல்லை. நான்காவது செட்டிலும் ஹென்மன் 2-1 என முன்னால் நின்றபோது மழை வந்தது. அன்று அந்தப் பிரதான திடலுக்குக் கூரை இல்லை. கூரை போட்டது 2009இல்தான். ஆட்டம் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. சனிக்கிழமை வேறொரு கோரான் வந்தார். நான்காவது செட்டை டைபிரேக்கில் பிடித்து, ஐந்தாவதில் 3-2 என முன்னால் போனபோது மறுபடியும் மழை. ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. 7-5, 6-7, 0-6, 7-6, 6-3. மூன்று நாள் எடுத்த ஓர் ஆட்டம்.

வெள்ளிக்கிழமை அந்த மழை ஓர் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் எங்கள் வீட்டில் இன்று கதையே இல்லை. வாப்பாவிடம் இதைச் சொன்னேன். "மழை ரெண்டு பேருக்கும் ஒரே மழதானே" என்றார். வெள்ளாமைக்குடும்பத்தில் பிறந்தவர் வாப்பா. விதைத்தவனுக்கும் அறுவடைக்குக் காத்திருப்பவனுக்கும் ஒரே மழை ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரியாததல்ல. சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார்.

இந்த மழையால்தான் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய இறுதிப் போட்டி திங்கட்கிழமைக்குப் போனது. முன்பதிவு இல்லாமல் வாசலில் 10,000 டிக்கெட் விற்றார்கள். இரவு முழுக்க வரிசையில் கிடந்தவர்கள் உள்ளே வந்தார்கள். குரோஷியக் கொடியும் அவுஸ்திரேலியக் கொடியும் மஞ்சள் உடுப்புமாக, வழக்கமாக அமைதியாக இருக்கும் அந்த இடம் நமது ஊர் உதைபந்தாட்ட மைதானம் போல இரைந்தது.

இப்போது ராத்தா கேட்ட மற்றவருக்கு வருகிறேன். பெயர் பெட்ரிக் ரஃப்டர். வயது 28. அமெரிக்க ஓப்பனை 1997இலும் 1998இலும் வென்றவர். 1999இல் ஒரே ஒரு வாரம் உலகின் முதலிடத்தில் இருந்தவர். சேர்வ் போடுவதற்காகப் பந்தை மேலே எறிந்து, அது சரியாக எழும்பாவிட்டால், எதிரே காத்து நிற்பவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு. அந்தப் பழக்கம் இறுதிப் போட்டியிலும் மாறவில்லை. 1999 கடைசியில் அவருடைய வலது தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதிலிருந்து மீண்டு 2000 விம்பிள்டன் இறுதிக்கு வந்து சம்ப்ராஸிடம் தோற்றார். அடுத்த வருடம் மறுபடியும் முயன்று, அரையிறுதியில் அகாசியை ஐந்தாவது செட்டில் 8-6 என்று வென்று, மறுபடியும் இறுதிக்கு வந்து நின்றார்.

இதை வாசித்தபோது நான் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டேன். பழுதான தோள். தோற்ற இறுதி. விடாமுயற்சி. வாப்பா கோரானைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு வரியையும் பெயரை மட்டும் மாற்றி ரஃப்டருக்கும் சொல்லலாம். வலையின் இரண்டு பக்கமும் ஒரே கதை நின்றுகொண்டிருந்தது. அன்று ஒன்றுதான் கிண்ணத்தோடு முடிய முடியும்.

முதல் செட் கோரானுக்கு 6-3, இரண்டாவது ரஃப்டருக்கு 6-3, மூன்றாவது கோரானுக்கு 6-3. நான்காவதில் கோட்டை மிதித்ததாக ஒரு தீர்ப்பு வந்ததும் கோரானுக்குப் பழைய குணம் எழும்பிவிட்டது. ரக்கெட்டை எறிந்தார், வலையைக் காலால் உதைத்தார், செட்டை 2-6 என்று இழந்தார். ஐந்தாவது செட்டுக்கு அந்தக் காலத்தில் விம்பிள்டனில் டைபிரேக் கிடையாது. யாராவது இரண்டு கேம் முந்தும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ரஃப்டர்தான் முதலில் சேர்வ் போட்டார். அதனால் 4-5, 5-6, 6-7 என்று ஒவ்வொரு முறையும் கோரான் தன் சேர்வைக் காப்பாற்றாவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற நிலை. காப்பாற்றினார். 7-7இல் ரஃப்டரின் சேர்வ் முறிந்தது.

8-7. கோரானின் சேர்வ். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் போதும் என்ற இடத்துக்கு வந்தார். இரண்டு சேர்வும் தவறி, டபள் ஃபோல்ட். மறுபடியும் அந்த இடத்துக்கு வந்தார். மறுபடியும் டபள் ஃபோல்ட். மூன்றாவது தரம் ரஃப்டர் பந்தை அவர் தலைக்கு மேலால் அழகாகத் தூக்கிப் போட்டுத் தப்பினார். வானத்தைப் பார்த்து என்னமோ கேட்கிறார் கோரான், கண்ணில் தண்ணீர். நான்காவது தரம் ரஃப்டர் திருப்பிய பந்து வலையில் விழுந்தது. 9-7. கோரான் தரையில் விழுந்தார், எழும்பினார், பார்வையாளர் பகுதிக்குள் ஏறிப் போய்த் தன் வாப்பாவைக் கட்டிப் பிடித்தார். விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையரை வைல்ட் கார்டில் வந்து வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அடுத்த நாள் ஸ்பிளிட் துறைமுகத்தில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான சனம் கூடியது. 1993இல் வாகன விபத்தில் இறந்துபோன தன் நண்பன், கூடைப்பந்து வீரர் டிராசன் பெட்ரோவிச்சின் சட்டையை அணிந்துகொண்டு நின்றார்.

இவ்வளவையும் ராத்தாவுக்குச் சொன்னேன். அவள் மூன்று சம்பியன்ஷிப் புள்ளிகள் தவறியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வைல்ட் கார்டைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"மூணு தரம் தோத்ததுக்காகவா இடம் குடுத்தாங்க?"

"மூணு தரம் ஃபைனலுக்கு வந்ததுக்காக."

"ரெண்டும் ஒண்டுதானேகா."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. யோசிக்க யோசிக்க அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தோற்ற மூன்று இறுதிகளையும் அங்கே யாரோ ஒருவர் ஞாபகம் வைத்திருந்தார். அவை அவருடைய கணக்கில் பற்றாக அல்ல, வரவாக எழுதப்பட்டிருந்தன. ராத்தாவின் மூன்று தடவைகளை யார் வரவு வைப்பார்கள்? எங்கள் உறவுக்குள்ளேயே "இந்தப் புள்ள மூணாம் ஷையாம்" என்று ஒரு கலியாண வீட்டில் என் காதுபடச் சொன்னார்கள். மூன்று வருடம் அவள் படித்த கலங்களும் கலவன்களும் தாவர இழையங்களும் எங்கே போய்விட்டன? அவை அவளுடைய தலைக்குள்தான் இருக்கின்றன. என்னுடைய தம்பி முறையான ஒன்பதாம் ஆண்டுப் பையனுக்கு விஞ்ஞானத்தில் ஒன்றும் ஏறாது. ராத்தா பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்தால் ஏறிவிடும்.

கோரானின் கதையை விடாமுயற்சியின் கதையாக மட்டும் சொல்வது பாதியைச் சொல்வது என்பது என் எண்ணம். அவர் முயன்றார், உண்மை. அதோடு, ஒரு மேசையைச் சுற்றி இருந்த சிலர் ஒரு பெயரைப் பார்த்து "இவரையும் விடுவோம்" என்றார்கள். மழை பெய்தது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சம்ப்ராஸை வென்றான். வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் முதல் பகுதியை மட்டும் சொன்னால், பிள்ளை தோற்கும்போது முயற்சி போதவில்லை என்றுதானே அவள் நினைத்துக்கொள்வாள்? பெற்றோர் இதை வாசித்தால் கோபிக்க வேண்டாம். வாப்பாவிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த நாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

போனது ராத்தாவின் பழைய விஞ்ஞான ஆசிரியை ஒருவரிடம். அவர் வாப்பாவை இருத்தி வைத்து, கல்வியியல் கல்லூரிக்கு விஞ்ஞானப் பாடத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி, தாதியர் பயிற்சிக்கு எப்படி, திறந்த பல்கலைக்கழகத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். வாப்பா எல்லாவற்றையும் ஒரு சவர்க்காரப் பெட்டியின் அட்டையில் எழுதிக்கொண்டு வந்தார். எழுத்துப் பிழை நிறைய. ராத்தா அட்டையை வாங்கி வாசித்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். வைத்தியராக வேண்டும் என்று எட்டாம் ஆண்டிலிருந்து சொன்னவள். அந்த அட்டையைப் பார்த்து அவள் சந்தோசப்பட்டாள் என்று நான் எழுதினால் அது பொய்.

இரண்டு கிழமை கழித்துத்தான் அவள் வர்த்தமானி அறிவித்தலைத் தேடித் தரச் சொன்னாள்.

ரஃப்டரைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடத்தோடு அவர் ஒற்றையர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். விம்பிள்டன் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 2002இல் அவுஸ்திரேலியா அவரை அந்த ஆண்டின் சிறந்த அவுஸ்திரேலியர் என்று கௌரவித்தது. பின்னாளில் அந்நாட்டின் டேவிஸ் கிண்ண அணியை வழிநடத்தினார். கோரான் அதற்குப் பிறகு ஒற்றையரில் வேறொரு பட்டமும் வெல்லவில்லை. அடுத்த விம்பிள்டனில், சம்பியனாகப் போய் ஆட வேண்டிய வருடத்தில், தோள் சிகிச்சையால் ஆடவே முடியவில்லை. ஹென்மனுக்கும் கிண்ணம் கிடைக்கவில்லை. பிரித்தானியர் 2013இல் அன்டி மறே வெல்லும்வரை காத்திருந்தார்கள்.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும் இரவில் ராத்தா எனக்கு எதிரே இருந்து விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். வாப்பா வாசற்படியில் இருந்து கேட்கிறார், "அந்த அவுஸ்ரேலியாக்காரன்ட பேர் என்ன செல்லுங்க மகள்?"

"ரஃப்டர், வாப்பா."

"ரஃப்டர்" என்று ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறார். ராத்தா தலையை நிமிர்த்தவில்லை. 'உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிய வருடங்கள்' என்ற இடத்துக்கு வந்திருக்கிறாள். மூன்று வருடங்களையும் எழுதுகிறாள், கட்டத்துக்குள் அடங்குமாறு சின்ன எழுத்தில்.